மிச்சம் நாலு

என்னிடம் ஒரு கார்பன் நகல் இருக்கிறது. நாலாக மடித்து மடித்து ஓரங்கள் பிய்ந்துபோன ஒற்றைத் தாள். எழுத்து என்னுடையது. ஊதா மை பல இடங்களில் கலங்கிவிட்டது. ஆனால் வலது மேல் மூலையில் இருக்கும் நம்பர் மட்டும் இன்னும் பளிச்சென்று தெரிகிறது: 176431. அதற்குக் கீழே பென்சிலால் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் 4. நம்பர் பிழை. வட்டத்துக்குள் இருக்கும் நாலு சரி. முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப் படிப்பித்தவள் நான். பிழையான எண்ணுக்கு அடியில் சரியான விடை எப்படி வரும் என்பதை ஒரு வகுப்பிலும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லிக்கொடுத்தால் இந்தத் தாளை எடுத்துக் காட்ட வேண்டி வரும்.

அந்த நாலைப் போட்டவர் எங்கள் தோட்டத்துத் தப்பால்காரர். கொட்டகலையிலிருந்து மூன்று மைல் மேலே எங்கள் தோட்டம். அங்கேதான் பிறந்தேன், அங்கேயே உள்ள பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாகவும் ஆனேன். அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. தப்பால்காரர் காலையில் துரையின் ஆபீசிலிருந்து பித்தளைப் பூட்டுப் போட்ட தோல்பையை வாங்கிக்கொண்டு கொட்டகலை தபால் கந்தோருக்கு இறங்குவார். பகலுக்குள் தபாலோடு ஏறி வந்துவிடுவார். மழைக்குத் தலையில் ஒரு சாக்கு, காதில் ஒரு கட்டைப் பென்சில், காலில் எப்போதும் அட்டை கடித்த ரத்தம். என்னைவிட ஒரு பன்னிரண்டு வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் தப்பால்காரர், எனக்குத் தப்பாலண்ணன். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். தமிழ் வாசிப்பார், இங்கிலிஷ் தெரியாது. எண் என்றால் எந்த மொழியில் கிடந்தாலும் விடமாட்டார்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருடமே, இந்தியாவிலிருந்து கூலிக்கு வந்தவர்களின் பிள்ளைகளான நாங்கள் இந்த நாட்டவர் இல்லை என்று ஆகிவிட்டது. அடுத்து இன்னொரு சட்டம் வந்தது. வேண்டுமானால் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போடுங்கள், ஆனால் இத்தனை வருடமாக இங்கேயே இருந்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி காட்டுங்கள் என்றது அது. லயம் என்கிற வரிசை வீடுகளின் ஒற்றைக் காம்பராவில் பிறந்து, தேயிலைக்குள் வளர்ந்து, ஒரு நாளும் மலையை விட்டு இறங்காதவர்களிடம் அத்தாட்சி கேட்டார்கள். இருந்த ஒரே அத்தாட்சி அவர்களுடைய முதுகும் விரல்களும்தான். அதை ஒட்டி அனுப்ப முடியாது. ஓரளவு இங்கிலிஷ் எழுதத் தெரிந்தவள் என்பதால் எங்கள் தோட்டத்து விண்ணப்பங்களில் முக்கால்வாசி என் கையால் போனவை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும் குடும்பத்துக்கு ஒரு நம்பர் போட்ட அட்டை வரும். ஆறு இலக்க நம்பர். அதற்குப் பிறகு எது எழுதினாலும் அந்த நம்பரைப் போட்டே எழுத வேண்டும். அட்டைகளைத் தகரப் பெட்டிகளிலும் சாமிப் படத்துக்குப் பின்னாலும் பத்திரப்படுத்தினார்கள். அத்தனை வீட்டு நம்பரும் தப்பாலண்ணனுக்கு மனப்பாடம்.

மனப்பாடம் என்றால் கிளிப்பிள்ளை மாதிரி இல்லை. மூன்று மைல் இறக்கமும் மூன்று மைல் ஏற்றமும் தனியே நடக்கிற மனிதர், வழியெல்லாம் அந்த நம்பர்களை உடைத்துக்கொண்டே போவார். மீதியில்லாமல் வகுபட்டால் அவருக்கு அது ‘போகும்’, இல்லையென்றால் ‘போகாது’. மேல் லயத்து முதல் வீட்டு நம்பர் ஏழில் போகும், தோட்டக் கோயில் பூசாரி வீட்டு நம்பர் பதின்மூன்றில் இரண்டு தரம் போகும், என் அப்பாவின் நம்பர் மூன்றுக்கு மேல் எதிலும் போகாத முரட்டு நம்பர். இப்படி ஒவ்வொரு வீட்டின் குணத்தையும் வைத்திருந்தார். அவருடைய சொந்த நம்பர் வந்த அன்று பள்ளிக்கூட வாசலில் பையைக்கூட இறக்காமல் நின்று சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“டீச்சர், நம்ம நம்பரு ஒரு லட்சத்தி எழுவத்தாறாயிரத்தி முன்னூத்தி நாப்பத்தொண்ணுங்க. பதினொண்ணுல போகுது. ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டிப் பாருங்க. ஒண்ணும் ஆறும் நாலும் பதினொண்ணு. ஏழும் மூணும் ஒண்ணும் பதினொண்ணு. ரெண்டு பக்கமும் தராசு மாதிரி நிக்குது.”

கரும்பலகையில் போட்டுப் பார்த்தேன். 176341. இரண்டு பக்கமும் சமன். அதற்கு மேலும் அவர் வழியிலேயே உடைத்து முடித்திருந்தார். பதினொன்று, பதினேழு, இருபத்துமூன்று, நாற்பத்தொன்று. நான்கும் எதாலும் உடையாத எண்கள், நான்கையும் பெருக்கினால் அவருடைய நம்பர். அதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை, ஏனென்றால் தோட்டத்து ஆள்பேர் பதியும் செக்ரோலில் அவருடைய பெயருக்கு நேரே இருந்த எண் நாற்பத்தொன்று. “பாத்தீங்களா டீச்சர், நம்ம பேர் நம்பரு உள்ளுக்கே உக்காந்திருக்கு. இது நம்மளுக்குன்னே வந்த நம்பரு. கெடைக்காம எங்க போகும்?” என்றார். நான் சிரித்தேன். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, அண்ணே, எல்லா எண்ணுக்கும் உள்ளே ஏதாவது இருக்கும் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

நான் எழுதிய கடிதங்களை அவர் சரிபார்க்கும் முறை ஒன்று இருந்தது. இங்கிலிஷ் தெரியாததால் கடிதத்தை அவரால் வாசிக்க முடியாது. நம்பரை மட்டும் எடுத்து இலக்கங்களைக் கூட்டுவார். வருவதை மறுபடியும் கூட்டி ஒற்றை இலக்கமாக்குவார். அதுதான் அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் நிற்கும் மிச்சம். ‘ஒம்பது போட்டுப் பாக்குறது’ என்பார் இதை. ஒவ்வொரு வீட்டுக்கும் மிச்சம் எத்தனை என்று அவருக்குத் தெரியும். வீட்டு மிச்சமும் கடிதத்து மிச்சமும் ஒன்றாயிருந்தால், என்னிடம் இருக்கும் நகலில் பென்சிலால் வட்டம் போட்டு அந்த எண்ணை எழுதுவார். மேலே போகிற கடிதத்தில் கிறுக்கமாட்டார். ஒருமுறை நான் எழுதிய ஏழு ஒன்று மாதிரி இருக்கிறது என்று அந்த முறையில்தான் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு எனக்கும் அந்த வட்டம் விழுந்தால்தான் நிம்மதி. அவருடைய சொந்த நம்பருக்கு ஒன்றும் ஏழும் ஆறும் மூன்றும் நாலும் ஒன்றும் இருபத்திரண்டு, இரண்டும் இரண்டும் நாலு. மிச்சம் நாலு.

விண்ணப்பம் போட்டு சில வருடம் கழித்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய மனைவி தொடர்ந்து இந்த நாட்டில் இருந்ததற்கு அத்தாட்சி போதாது, மூன்று மாதத்துக்குள் அனுப்பவும் என்று. அந்த அக்கா கொழுந்து பறிக்கிறவர். அவர் பிறந்தது தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். தப்பாலண்ணன் அங்கே நாலு தரம் நடையாய் நடந்து, அங்கிருந்த வயதான துரையிடம் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றை வாங்கிவிட்டார். இந்தப் பெண் இங்கே பிறந்தாள், கல்யாணம் ஆகும்வரை இங்கேதான் பேர் பதிந்தாள் என்று பழைய செக்ரோலைப் பார்த்து எழுதிய கடிதம். கொடுத்த அடுத்த மாதமே அந்தத் துரை வேலையை விட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். பிறகு அந்தத் தோட்டத்துப் பழைய புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது என்று சொன்னார்கள். ஆகவே உலகத்தில் அந்தக் கடிதம் ஒன்றே ஒன்றுதான்.

அதை வைத்து அனுப்புவதற்கான பதில் கடிதத்தை எழுத அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தவணை முடிய இன்னும் நாலு நாள்தான். எங்கள் பள்ளிக்கூடம் ஒரே நீளக் கொட்டகை, அதற்குள் ஐந்து வகுப்பு. நான் எழுதுவதற்காக மூன்றாம் வகுப்பை நாலாம் வாய்ப்பாடு சொல்ல விட்டிருந்தேன். தகரக் கூரையில் மழை, அதற்கு மேலே பிள்ளைகளின் சத்தம். பழைய கொப்பித் தாளின் பின்பக்கத்தில் முதலில் பென்சிலால் ஒரு வரைவு எழுதுவது என் வழக்கம். தப்பாலண்ணன் நம்பரைச் சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அட்டையை எடுக்கவில்லை, மனப்பாடமாயிற்றே. வரைவை முடித்ததும் இரண்டு தாளுக்கு நடுவில் கார்பன் வைத்து, அதைப் பார்த்துத் துப்புரவாக எழுதினேன். ஒன்பது போட்டுப் பார்த்தார். நாலு. வரைவிலும் நகலிலும் வட்டம் போட்டார். வரைவை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “அடுப்புக்கு ஆகும்” என்றார். துரை கடிதத்தையும் பிறப்புச் சீட்டையும் ஊசியால் குத்தி உள்ளே வைத்தோம். அன்றைக்கே அது பதிவுத் தபாலில் போய்விட்டது.

ஒரு வருடம் சத்தமில்லை. பிறகு ஒரு நாள், தன் பையிலிருந்து தானே எடுத்த கடிதத்தை என் மேசையில் வைத்தார். குறித்த காலத்துக்குள் பதில் வராததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நான் இரண்டாம் முறை வாசித்தேன், மூன்றாம் முறையும் வாசித்தேன். “அனுப்புனோமே டீச்சர், சீட்டு இருக்கே” என்றார். பதிவுத் தபால் சீட்டு அவரிடம் இருந்தது. ஆகவே இது ஏதோ தவறு, நேரில் போய்ச் சொன்னால் திருத்திவிடுவார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம்.

நானுஓயாவரை ரயிலில் போய் அங்கிருந்து பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போனோம். அந்த அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் கெட்டவர் இல்லை. எங்களை உட்காரச் சொன்னார். நகலை வாங்கிப் பார்த்தார், எங்கள் நிராகரிப்புக் கடிதத்தைப் பார்த்தார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “இது உங்கட நம்பர் இல்லையே” என்றார். “ஆறுக்குப் பிறகு மூண்டு, நாலு, ஒண்டு. நீங்கள் நாலு, மூண்டு, ஒண்டு எண்டு எழுதியிருக்கிறியள். இது வேற ஆரோ ஒருத்தற்ற ஃபைல்.” அந்த வேறு ஒருவரின் ஃபைலிலிருந்து எங்கள் காகிதங்களை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன். அது எந்த மாவட்டமோ, முடிந்து கட்டிப்போட்ட ஃபைலோ, எழுதிக் கேட்டுப் பாருங்கள் என்றார். எழுதிக் கேட்டோம். கடைசிவரை பதில் வரவில்லை.

அலுவலகத்துக்கு வெளியே உட்கார ஒரு மர வாங்கு கிடந்தது. பனிக் குளிர். தப்பாலண்ணன் நகலை முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டு உதடு அசையக் கூட்டினார். நாலு. திரும்பவும் கூட்டினார். நாலு. பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தபால் சீட்டின் பின்பக்கத்தில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். தொண்ணூறு வந்தது. அதை ஒன்பதில் போட்டார், மிச்சமில்லாமல் போனது.

“ஒம்பதுலயே ஒளிஞ்சிருக்கு டீச்சர். ரெண்டு எலக்கம் எடம் மாறினா கூட்டுத்தொகை மாறாதுல்ல? நான் எத்தன தரம் பாத்தாலும் நாலுதான் வரும். ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டியிருந்தா, இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பன்னண்டு. தராசு சாஞ்சிருக்கும். பதினொண்ணு காட்டிக் குடுத்திருக்கும். நம்ம நம்பரு பதினொண்ணுல போகும்னு ஊரெல்லாம் சொன்னேனே, அன்னைக்கு மட்டும் அதப் போட்டுப் பாக்கலியே.”

அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் திரும்பிப் பார்த்து, “என் வாய்தான் டீச்சர்” என்றார். “முன்னூத்தி நாப்பத்தொண்ணு, நானூத்தி முப்பத்தொண்ணு. நாக்கு பெரண்டா ரெண்டும் ஒண்ணுதானே. நான்தான் மாத்திச் சொல்லியிருப்பேன்.” தமிழில் எண்ணைச் சொல்கிற எவருக்கும் அந்தப் பிசகு வரலாம். ‘மு’வும் ‘நா’வும் இடம் மாறினால் போதும், வாய்க்கு அது சுகமாகவே இருக்கும். அவருடைய வாயா, என் காதா, மழையா, நாலாம் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்த பிள்ளைகளா, எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வரைவு இருந்தால் தெரிந்துவிடும். அதில் நம்பர் பிழையாக இருந்தால் சொன்னவரோ கேட்டவளோ, சரியாக இருந்தால் பார்த்து எழுதிய என் கை. அந்த வரைவு எங்கே அண்ணே என்று கேட்டேன். “அது அன்னைக்கே அடுப்புக்குப் போயிருச்சு” என்றார். அப்போது எனக்குள் ஏற்பட்டது நிம்மதி. வெட்கத்தை விட்டு அதை எழுதுகிறேன். ஒரு குடும்பம் நிற்க இடமில்லாமல் போகிறது, எனக்கோ என் பிழை என்று நிரூபணமாகவில்லை என்ற நிம்மதி.

தோட்டம் முழுக்க அவர் அதையே சொன்னார். கேட்டவர்களுக்கெல்லாம் தன் நாக்கைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. நாங்கள் வேதக்காரர்கள்; மாதா கோயில் பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் ஒருமுறை கவனக்குறைவு என்று சொன்னேன். சாமியார் என்ன கவனக்குறைவு என்று கேட்கவில்லை, மூன்று தரம் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொன்னார். ஒரு மாதம் கழித்து அந்த அக்கா கொழுந்துக் கூடையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து கேட்டார்: “பேரு சரியாத்தானே எழுதியிருந்தீங்க டீச்சர்? அவரு பேரு, என் பேரு, தோட்டத்துப் பேரு எல்லாம் இருந்துச்சுல்ல? பேரப் பாத்து எடுத்து வைக்க மாட்டாங்களா?” பேர் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அங்கே பேரைப் பார்க்கமாட்டார்கள் அக்கா, நம்பரைத்தான் பார்ப்பார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மலைக்குப் போனார்.

மேல்முறையீடு செய்தோம். துரை கடிதம் இல்லாமல் அது நிற்கவில்லை. அதற்குப் பிறகு தப்பாலண்ணன் செய்த காரியம் ஒன்றைச் சொன்னால் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். தோட்டத்தில் சிலர் அப்படித்தான் நினைத்தார்கள். அந்தப் பிழையான நம்பரை உடைக்கத் தொடங்கினார். ஏழில் போட்டார், போகவில்லை. பதின்மூன்றில், பதினேழில், பத்தொன்பதில் போட்டார். நடந்துகொண்டே போட்டார், தப்பால் கொட்டிலின் சுவரில் கரியால் போட்டார், தேயிலைப் பெட்டிப் பலகைகளில் போட்டார். எதற்கு என்று கேட்டேன். “நம்ம காயிதம் அந்த நம்பருக்குள்ளதான கெடக்கு. உள்ள என்னதான் இருக்குன்னு பாப்போம்” என்றார். நானூற்று இருபதை நானூற்று இருபதால் பெருக்கினால் ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரத்து நானூறு. ஆகவே நானூற்று இருபதுக்குள் வழி கிடைக்காவிட்டால் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை என்பதை அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். மாதக்கணக்காயிற்று. ஒரு நாள் மத்தியானம் வந்து வாசற்படியில் பையை இறக்கினார்.

“நானூத்தி பத்தொம்பது வரைக்கும் பாத்துட்டேன் டீச்சர். முன்னூத்தி எழுவத்தி மூணுல ரெண்டே ரெண்டுதான் மிச்சம் நின்னுச்சு, போயிரும்னு நெனச்சேன். போகல. எதுலயும் போகாது. கதவே இல்லாத வீடு.”

நானும் அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து சில வகுத்தல்களைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. நான்காக உடைந்து அவருடைய பேர் நம்பரையே உள்ளே வைத்திருந்த ஓர் எண்ணில், பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதும் எதாலும் வகுபடாத எண் ஆகிவிட்டது. கணக்கில் இது ஒரு தற்செயல். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல் மடித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் எல்லோருடைய கடிதத்துக்கும் இரண்டு வட்டம் போட்டார். ஒன்றில் ஒன்பதின் மிச்சம், மற்றதில் பதினொன்றின் மிச்சம். தனக்கென்று போக ஒரு கடிதமும் இல்லாமல் போன பிறகும், மழையில் வந்து நின்று, மற்ற வீடுகளின் நம்பர்களை ஒன்று விட்டு ஒன்று கூட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டத்திலிருந்து அதற்குப் பிறகு ஒரு நம்பரும் பிழையாகப் போகவில்லை. என் அப்பாவின் கடிதமும் அந்த இரண்டு வட்டங்களோடுதான் போனது. எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்ததைச் சொன்ன பதிவுத் தபாலை அவரே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். உறையின் மேலிருந்த நம்பரைச் சுட்டிக் காட்டி, “ரெண்டும் சரியா நிக்குது டீச்சர்” என்றார். முகத்தில் ஒன்றுமில்லை. அம்மா அவருக்குச் சர்க்கரை அள்ளிக் கொடுத்தார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தம் வந்தது. இத்தனை பேர் அந்த நாட்டுக்கு, இத்தனை பேர் இந்த நாட்டுக்கு, மீதிப் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டன. செய்தித்தாளை வாசித்துக் காட்டினேன். “ஆளுகள வகுத்திருக்காங்க” என்றார். “வகுத்தது மிச்சமில்லாம போகல, பாருங்க. மிச்சமா நிக்கிறதுக்கு எனக்கு இனிமே தெம்பு இல்ல டீச்சர்.” கண்டியில் இருந்த இந்தியத் தூதரகக் கிளைக்குப் போய், இந்தியாவுக்கே போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மறு வருடமே புருஷனும் மனைவியும் கிளம்பினார்கள். ஒரே மகள், என் வகுப்பில் படித்தவள், தலவாக்கலைப் பக்கம் கல்யாணமாகியிருந்தாள். மருமகன் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை இருந்ததால் அவள் இங்கே தங்கிவிட்டாள். கொட்டகலை ஸ்டேஷனில், கப்பலேறத் தலைமன்னார்ப் பக்கம் போகிறவர்களின் தகரப் பெட்டிகளுக்கும் பாய்ச்சுருட்டுகளுக்கும் நடுவில், தாயும் மகளும் ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டு கதறினார்கள். அப்படி ஒரு கதறலை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. ரயில் நகர்ந்தபோது ஸ்டேஷன் ஆட்கள்தான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்கள். தப்பாலண்ணன் என் கையில் ஒரு கொப்பியைத் திணித்தார். இன்னும் முடிவு வராத வீடுகளின் நம்பர்கள், பக்கத்தில் இரண்டிரண்டு வட்டங்கள். “பதினொண்ண மறந்துறாதீங்க” என்றார். மன்னித்துவிடுங்கள் அண்ணே என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. சொல்லவில்லை.

அங்கிருந்து இரண்டு மூன்று கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஹட்டன் டவுனுக்குக் குடிவந்த பிறகு, ஒரு நாள் அவருடைய மகள் தேடிக்கொண்டு வந்தாள். அவளே நரைத்துப் போயிருந்தாள். அப்பா அங்கே ஏதோ ஒரு மலையில் தேயிலைத் தோட்டத்திலேயே இறந்துவிட்டார், வந்த ஒருவரிடம் அம்மா ஒரு சின்ன மூட்டை கொடுத்தனுப்பினார் என்றாள். அதில் தபால் பையின் பித்தளைப் பூட்டு ஒன்று, பிறகு ஒரு தாள். தாளை என் முன்னால் மேசையில் விரித்தாள். பழைய கொப்பித் தாள். ஒரு பக்கம் யாரோ பிள்ளையின் நாலாம் வாய்ப்பாடு. மறுபக்கம் பென்சிலால் என் எழுத்து. வரைவு.

அதன் மூலையில் 176341 என்று இருந்தது. கீழே வட்டத்துக்குள் 4. அதற்குப் பக்கத்தில், வேறொரு நாள் போட்டது போல அழுத்தமாக, இன்னொரு வட்டம், அதற்குள் 0. பதினொன்றில் மிச்சமில்லை. தபால் போட்ட நாள் முதல் அது அவரிடம்தான் இருந்திருக்கிறது. நுவரெலியாவில் அந்த வாங்கில் என் வாய்தான் என்று சொன்ன நேரத்தில் தெரியாமலிருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து பெட்டியைத் துழாவியதும் தெரிந்திருக்கும். அவர் சரியாகச் சொல்லியிருக்கிறார், நான் சரியாகக் கேட்டிருக்கிறேன். பார்த்து எழுதிய என் கைதான் மாற்றியது. அதற்குப் பிறகு பத்து வருடம், வாரத்தில் ஆறு நாள், அவர் என் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

மகள் என் வகுப்பில் படித்தவள். என் எழுத்து அவளுக்குத் தெரியும். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“அப்பா சரியாத்தான் சொல்லியிருக்காங்க. இல்லீங்களா டீச்சர்?”

“ஆமா” என்றேன். “சரியாத்தான் சொன்னாரு. நான்தான் மாத்தி எழுதிட்டேன்.”

அவள் திட்டவில்லை. ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணீரைக் குடிக்கவுமில்லை. தலவாக்கலைக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். அந்தத் தாளை நாலாக மடித்துப் பூட்டோடு சேர்த்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். அது அவளுடையது.

இந்தக் கார்பன் நகல் என்னுடையது. அவர் போட்ட நாலுக்குப் பக்கத்தில், அவள் போன பிறகு, நான் ஒரு வட்டம் போட்டு உள்ளே 2 என்று எழுதினேன். பதினொன்றில் நிற்கிற மிச்சம் அதுதான்.